சக்கரம் உட்காரும் இடம்

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையிலோ சங்ககிரிப் பக்கமோ விடியற்காலையில் போனவர்கள் அந்த வண்டியைப் பார்த்திருப்பார்கள். கதவு கிடையாது, கூரை கிடையாது, எதிர்க்காற்றுக்குக் கண்ணாடிகூடக் கிடையாது. எஞ்சினுக்குப் பின்னால் ஒரு பலகைப் பெட்டி. அதில் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிய ஒருவர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து கூண்டு கட்டுவதற்காகப் போகும் வெற்றுச் சேஸிஸ் அது. பேருந்து என்றால் கரூருக்கு. லாரி என்றால் நாமக்கல்லுக்கோ சங்ககிரிக்கோ. துளைபோடும் ரிக் வண்டி என்றால் திருச்செங்கோட்டுக்கு. எல்லாமே ஈரோட்டுக்காரனுக்குக் கைக்கெட்டும் தூரம். பளபளக்கும் புதுக் கார்களைவிட அந்த எலும்புக்கூட்டைப் பார்த்துத்தான் எனக்கு வண்டிப் பைத்தியம் பிடித்தது.

அமெரிக்காவில் முரட்டு எஞ்சின் போட்ட பழைய மஸில் காரின் உடம்பைக் கழற்றி, இந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் காரின் சேஸிஸில் ஏற்றுகிறார்கள் என்று முதன்முதலாகக் கேள்விப்பட்டபோது எனக்கு வியப்பே வரவில்லை. ‘அட, நம்ம சங்ககிரி வேலை!’ என்றுதான் தோன்றியது. உள்ளே புகுந்து பார்த்தபிறகுதான் தெரிந்தது, அது இதைவிடப் பலமடங்கு வம்பு பிடித்த வேலை என்று.

வம்பு எங்கே என்றால், லாரிக்குச் சேஸிஸ் தனி, கூண்டு தனி. பெரும்பாலான கார்களுக்கு அப்படியில்லை. 1965-இன் ஃபோர்டு மஸ்டாங்கில் தரைத்தகடும் பக்கச் சுவரும் கூரையும் ஒன்றாகச் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. நம்ம அம்பாசடரும் அந்த ஜாதிதான். இந்த ஜாதி உடம்பைச் சேஸிஸிலிருந்து தூக்கவே முடியாது, தூக்குவதற்குத் தனிச் சேஸிஸ் இருந்தால்தானே? தரையை வெட்டியெடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் தூக்க வேண்டும். வெட்டிய நிமிடமே அந்த உடம்பு தன் பலத்தை இழந்து முருங்கைக்கிளை மாதிரி துவளும். அதனால் உள்ளே இரும்புக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்து, கட்டுப்போட்ட எலும்பு மாதிரி பிடித்துவைத்த பிறகே வெட்ட ஆரம்பிக்கிறார்கள்.

கீழே வைக்கும் சேஸிஸுக்கு இந்த ஆட்கள் ஆசைப்படுவது பெரும்பாலும் ஷெவர்லே கார்வெட். 1997-இல் வந்த ஐந்தாம் தலைமுறை கார்வெட்டைக் கழற்றினால் கீழே கிடைப்பது, கிட்டத்தட்ட அந்தத் தலைத்துண்டுக்காரர் ஓட்டிவந்த சேஸிஸின் பணக்காரச் சொந்தக்காரன். மேலே இருப்பது ஃபைபர் தோல்தான். சுமையைத் தாங்குவது கீழே உள்ள சட்டம். எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின் அச்சோடு. மேலுடம்பு இல்லாமலேயே ஓட்டிப் பார்க்கலாம், ஓட்டியும் இருக்கிறார்கள்.

இனி அளவுநாடாவுக்கு வருவோம், ரசனையே அங்கேதான் இருக்கிறது. முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை பழைய மஸ்டாங்குக்கு 108 அங்குலம். அந்தக் கார்வெட்டுக்கு 104.5. மூன்றரை அங்குலம் இடிக்கிறது. கதவைச் சுருக்கினால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். பின்சக்கரத்தை முன்னால் தள்ளினால் நாய்க்குட்டி உட்கார்ந்த மாதிரி பின்பாகம் தொங்கும். சேஸிஸையே வெட்டி நீட்டுகிறவர்கள் உண்டு. யோக்கியமான வழி அதுதான் என்பேன், செலவைப் பற்றிக் கேட்காதீர்கள்.

1968-இன் டாட்ஜ் சார்ஜர் இன்னும் சுவையான கணக்கு. ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மக்வீன் துரத்திக்கொண்டு போவாரே, அந்தக் கறுப்பு வண்டி. அதன் சக்கர இடைவெளி 117 அங்குலம். இந்தக் காலத்து டாட்ஜ் சேலஞ்சருக்கு 116. ஒரே ஒரு அங்குலம்! ஜாதகப் பொருத்தம் பிரமாதம் என்று துள்ளிக் குதிக்கும்போதே மொத்த நீளத்தைப் பாருங்கள். பழையது ஏறக்குறைய பத்து அங்குலம் கூடுதல். அவ்வளவும் மூக்கிலும் வாலிலும் இருக்கிறது. மோதினால் நொறுங்கி ஆளைக் காப்பாற்றும் இந்தக் காலத்து அமைப்புகள் பானெட்டை உயர்த்திவிட்டன, கண்ணாடித் தூண்களைத் தடிக்கவைத்துவிட்டன. தாழ்ந்த முகமும் ஒடுங்கிய இடுப்புமாக இருந்த சார்ஜரை அப்படியே சேலஞ்சர்மேல் போட்டால், அழகான ஆளுக்கு யாரோ கழுத்துப்பட்டை மாட்டிவிட்டது மாதிரி ஆகிவிடும். நல்ல கைக்காரன் கூரையை ஒரு விரல் தாழ்த்துவான், பின்கண்ணாடியின் சாய்வை மாற்றுவான், பக்கவாட்டு மடிப்பை அரை விரல் ஏற்றுவான். பார்க்கிறவர், ‘இது அப்படியே 68 சார்ஜர்’ என்பார். ஒரு தகடுகூட பழைய அளவில் இருக்காது.

இரவில் தூக்கம் வராவிட்டால் நான் போடும் கணக்கு ஒன்று உண்டு. நம்ம ஊரில் மஸில் கார் என்று மனமறிந்து சொல்லக்கூடியது ஹிந்துஸ்தான் கான்டெஸா மட்டும்தான். பிரிட்டனின் வாக்ஸால் விக்டரை அச்சாக வைத்து 1980-களில் வந்தது. 2002 வரை ஓடிய கதை. அதன் சக்கர இடைவெளி 2,667 மில்லிமீட்டர், அதாவது 105 அங்குலம். கார்வெட்டுக்கு 104.5. அரை அங்குலம்தான் வித்தியாசம்! கல்கத்தாப் பக்கத்தில் பிறந்ததும் கென்டக்கியில் பிறந்ததும் கணக்கில் இப்படி ஒட்டி நிற்பது எனக்குப் பெரிய குதூகலம். ஆனால் நீளம் மன்னித்தாலும் அகலம் மன்னிக்காது. கார்வெட் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் அகலம் கூடுதல். கான்டெஸாவின் மட்கார்டுகளை இரண்டு பக்கமும் எட்டெட்டு சென்டிமீட்டர் இழுத்தால், அந்தச் செதுக்கிய பெட்டி முகம் பொன்னுக்குவீங்கி வந்தது மாதிரி ஆகிவிடும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே என் கான்டெஸா தலையணையோடு சரி.

அமெரிக்காவிலோ, கலிஃபோர்னியாவின் என்2ஏ நிறுவனம் 1957 ஷெவர்லேயின் முகம், 58-இன் நடுவுடம்பு, 59-இன் வால் மூன்றையும் ஒட்டிக் கார்வெட் மேல் ஏற்றி ‘789’ என்று பெயரிட்டு விற்றது. வேலை சுத்தம், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே இலையில் பிரியாணி, பால்பாயசம், புளியோதரை வைத்தது மாதிரி எனக்கு ஒட்டவில்லை.

ஒட்டுவது இருக்கட்டும், உடம்பைச் சேஸிஸில் ஏற்றி இறுக்குவதில் சங்ககிரிக்காரர்களை மிஞ்ச ஆளில்லை என்பது என் கட்சி. லாரிச் சேஸிஸ் விறைப்பான பொருளில்லை; மேட்டில் ஒரு சக்கரம் ஏறினால் அது முறுக்கிக்கொள்ளும். முறுக்கிக்கொள்ளத்தான் வேண்டும். அதன்மேல் கூண்டைப் பற்றவைத்துவிட்டால் எது பலவீனமோ அது விரியும். ஆகவே நீளச் சட்டத்தின்மேல் மரக்கட்டை வைத்து, அதன்மேல் கூண்டை உட்காரவைத்து, யு-போல்ட்டால் அணைத்துப் பிடிக்கிறார்கள். சட்டத்தின் விளிம்பில் துளை போடுவதில்லை, போட்டால் விரிசல் அங்கேயிருந்துதான் கிளம்பும். அமெரிக்கப் பட்டறையில் மரக்கட்டை இருந்த இடத்தில் ரப்பர் வளையம் இருக்கும். யோசனை ஒன்றுதான்.

போன மாதம் காவிரிப் பாலம் தாண்டி, பள்ளிபாளையம் வழியாகச் சங்ககிரிக்குப் போனபோது, தெரிந்த பட்டறையில் வண்டியை நிறுத்தினேன். மேஸ்திரிக்கு வயது எழுபதைத் தொட்டிருக்கும். புதிதாகக் கட்டிய லாரியின் முன்சக்கரம் ஒன்றைக் கல்மேல் ஏற்றிவிட்டு, கேபின் கதவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். சேஸிஸ் முறுக்கிய நிலையிலும் கதவு பிடிக்காமல் மூட வேண்டும். அதுதான் அவர் பரீட்சை.

கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினேன். கார்வெட் சேஸிஸில் ஏற்றிய பழைய மஸ்டாங், செக்கச்செவேலென்று. பெயிண்டைப் பார்ப்பார் என்று நினைத்தேன். விரலால் பின்சக்கரத்தைப் பெரிதாக்கினார்.

“ஏனுங்க தம்பி, பின்சக்கரம் கதவுகிட்ட வந்துருச்சேங்க?”

“மூணரை அங்குலம் குறையுதுங்க ஐயா.”

“கொறைஞ்சா சேஸிஸ நீட்டோணுங்க. பாடியத் தள்ளி வெச்சா அது எப்பிடியுங்க உக்காரும்?”

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கல்லை அடுத்த சக்கரத்துக்கு மாற்றச் சொன்னார். பையன் ஜாக்கியை உருட்டிக்கொண்டு போனான்.