பத்து நோட்டில் ஒரே அளவீடு

இயற்பியல் செய்முறை வகுப்பில் தனி ஊசலின் அலைவு காலத்தை அளக்கும் மாணவரிடையே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் நிறுத்துக் கடிகாரத்தைப் பிடித்து அளப்பார்; பக்கத்திலுள்ள ஒன்பது பேர் அதைப் பார்த்து எழுதிக்கொள்வர். நோட்டுகளைத் திருத்தும்போது பத்தும் அச்சடித்தாற்போல் ஒத்திருக்கும். கிடைத்திருப்பது பத்து அளவீடுகளா, ஒன்றா?

கிள்ளையிலிருந்து சிதம்பரம் வரும் பேருந்தில் அண்மையில் இக்கேள்வி மீண்டும் நினைவுக்கு வந்தது. ஒரு தாய் பக்கத்திலிருந்தவரிடம், "யக்கா, அந்த ஊசியிலே என்னமோ இருக்காம். எங்க தெருவிலே நாலு பேரு சொல்லிட்டாங்க. நாமளும் தெரிஞ்சவங்களுக்குச் சொல்லி வெக்கணும்ல?" என்றார். "அந்த நாலு பேருல யாராச்சும் கண்ணால பாத்தாங்களா?" என்று அக்கா கேட்டார். "இல்ல, எல்லாருக்கும் ஒரே ஆடியோதான் வந்துச்சு."

வாசகர்களே, அத்தாய் தீய எண்ணத்தோடு பேசவில்லை. பிறர் பிள்ளைகளின் நலம் கருதியே பேசினார். ஆகவே "வதந்தி பரப்பாதீர்" என்று அவரை அதட்டுவது பதிலாகாது. பெற்றோர் ஒருவர்க்கொருவர் தம் ஐயத்தைச் சொல்லலாமா என்பது ஆராயத்தக்க கேள்வியே.

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கிற்று. 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 1.76 கோடிப் பிள்ளைகளுக்கு ஊசி போடுவது திட்டம். உடனே வாட்ஸ்அப்பில் அச்சுறுத்தும் செய்திகள் சுற்றலாயின. பல பெற்றோர் தயங்கினர். பிப்ரவரியில் முடிய வேண்டிய இயக்கம் மார்ச்சிலும் தொடர நேர்ந்தது. இத்தகைய செய்திகளை ஒரு கட்டுரையைத் திறனாய்வதுபோல் பிரித்துப் பார்த்தால் அவற்றின் அமைப்பு எளிதில் விளங்கும். சொல்பவர் கண்டதைச் சொல்வதில்லை, கேட்டதைச் சொல்கிறார். எந்த ஊர், எந்த நாள், எந்தக் குழந்தை என்ற விவரம் இராது. "எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்ற வேண்டுகோள் மட்டும் இருக்கும். நோட்டுகள் பெருகும், அளவீடு பெருகாது.

இதற்கு எதிராக ஒலிக்கும் "தடுப்பூசி பாதுகாப்பானது, அஞ்ச வேண்டா" என்ற பொது உறுதிமொழியும் குறையற்றதன்று. அஞ்சுபவருக்கு எண்கள் வேண்டும். இந்த ஊசியால் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும். கடும் ஒவ்வாமை ஏறத்தாழ பத்து லட்சம் தவணைக்கு ஒன்று என்ற அளவில் நேரும். தட்டம்மை கண்டவர்களிலோ ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை அழற்சி வரக்கூடும். இரண்டையும் அருகருகே வைத்துச் சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் விளங்காது?

அப்படியானால் பெற்றோர் பேச்சு பயனற்றதா? இல்லவே இல்லை. ரூபெல்லாவின் கேடு வெளிப்பட்டதில் தாய்மாரின் பேச்சுக்கும் பங்குண்டு. சிட்னி நகரக் கண் மருத்துவர் நார்மன் கிரெக்கிடம் பிறவிக் கண்புரையோடு குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாகப் பெருகி வந்தனர். கருவுற்றிருந்தபோது தமக்கு ஜெர்மன் தட்டம்மை கண்டதைக் காத்திருந்த தாய்மார் தமக்குள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்ததாகச் சொல்வர். (ஜெர்மன் தட்டம்மை என்பதும் ரூபெல்லா என்பதும் ஒன்றே.) அவர் கேட்டதோடு விடவில்லை; பிற மருத்துவரிடமும் விசாரித்தார். 78 குழந்தைகளின் விவரம் சேர்ந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் தாய்மாருக்குக் கர்ப்ப காலத்தில் அந்நோய் கண்டிருந்தது. 1941இல் இதனை வெளியிட்டார். அங்கே ஒவ்வொரு தாயும் சொன்னது தன் உடம்பில் தானே கண்டது. ஒவ்வொருவர் கையிலும் தனித்தனிக் கடிகாரம் இருந்தது எனலாம்.

உண்மையான கவலைக்கு நம் மாநிலத்திலும் சான்று உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட 4 குழந்தைகள் இறந்தனர். ஊரும் நாளும் தெரிந்திருந்தமையால் விசாரணை நடக்க முடிந்தது. அதன்பின் கிராமங்களில் ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டும் போடப்பட்டது. 2005-06இல் 80.9 விழுக்காடாக இருந்த முழுத் தடுப்பூசி அளவு 2015-16இல் 69.7 ஆக இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. மெய்யான அச்சத்துக்கே இவ்வளவு விலை!

எனவே தம் பிள்ளைக்கு ஊசிக்குப்பின் ஏதேனும் நேர்ந்ததைக் கண்ட பெற்றோர் அதைத் தயங்காமல் சொல்லவேண்டும். ஆனால் முதலில் சொல்லவேண்டியது கிராம சுகாதார செவிலியரிடம், ஊசி போட்ட நாளும் நேரமும் குறித்து. மருந்தின் தொகுதி எண் அவரிடம் இருக்கும். அதே தொகுதி மருந்து வேறெங்கெல்லாம் போடப்பட்டது என்று தேட அந்த எண் உதவும். தெருவில் நாலு பேரிடம் சொன்னால் அந்தத் தேடல் நடக்காது.

பிற பெற்றோரிடம் பேசியே தீரவேண்டும் என்றால், ஊசி போடும் இடத்தில் என்ன கேட்பது என்று பேசலாம். மருந்துக் குப்பியில் ஒரு வட்டமும் அதனுள் ஒரு சதுரமும் அச்சிட்டிருப்பதைப் பலர் கவனித்ததில்லை. வெப்பம் படப்பட அச்சதுரம் கருக்கும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தலாகாது. தட்டம்மை–ரூபெல்லா மருந்துத் தூளை நீர்மத்தில் கரைத்தபின் 4 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. "எப்போது கரைத்தீர்கள்? குப்பியைக் காட்டுங்கள்" என்று கேட்கப் பெற்றோர் எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்திருந்துவிட்டுக் கிளம்பலாம்.