நிக்கியின் கண்ணாடித் தோட்டம்

சில வருடங்களுக்கு முன், தில்லியிலிருந்து குடும்பத்தோடு பாரிஸ் போயிருந்தபோது ஸ்ட்ராவின்ஸ்கி நீரூற்றைப் பார்த்தேன். 1983-இல் அமைந்தது. கருப்பு இரும்புச் சக்கரங்கள் ஜான் டிங்கெலி செய்தவை; சிவப்பு உதடும் பாம்பும் யானையும் அவர் மனைவி நிக்கி டி செயின்ட் ஃபால் செய்தவை. "பாட்டி, திருவிழாப் பொம்மை மாதிரி இருக்கு!" என்றாள் பேத்தி.

பெரியவர்கள் பலரும் நிக்கியைப் பற்றி இதற்கு மேல் சொல்வதில்லை. எனக்கு அது பாதித் தீர்ப்பாகவே படுகிறது.

நிக்கி (1930–2002) 1965 முதல் 'நானா' என்ற பருத்த, கூத்தாடும் பெண்களைச் செய்தார். முதலில் துணியும் கம்பி வலையும்; பிறகு பாலியெஸ்டர் ரெசின். இந்த ரெசின் இறுகும்போது கிளம்பும் ஆவியும், தேய்க்கும்போது பறக்கும் தூளும் பொல்லாதவை. அவை அவருடைய நுரையீரலைக் கெடுத்தன. 1974-இல் அதில் சீழ்க்கட்டியே வந்தது. உடம்பு தேறுவதற்காக சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் தங்கியபோது சந்தித்த தோழி வழியாகத்தான் இத்தாலியின் டஸ்கனி பகுதியில் நிலம் கிடைத்தது. அங்கே டாரட் சீட்டின் 22 உருவங்களைச் சிலைகளாக்கி அவர் எழுப்பிய தோட்டம் 1998-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

அதை நான் படங்களில்தான் கண்டிருக்கிறேன். ஆனாலும் நானாக்களைவிட இதையே உயர்வாக மதிக்கிறேன். ரெசினின் வழவழப்பு, தான் செய்த கெடுதலை வர்ணத்தில் மறைத்துவிடுகிறது. தோட்டத்தில் இரும்பும் சிமெண்டும் சேர்ந்த உடல்கள்மேல் வெட்டிய கண்ணாடிச் சில்லுகளையும் பீங்கானையும் பதித்தார். 'பேரரசி' சிலைக்குள்ளேயே பல ஆண்டுகள் குடியிருந்தார்; ஒரு மார்பில் படுக்கையறை, மற்றதில் சமையலறை. சுவரெல்லாம் கண்ணாடிச் சில்லு. அங்கே யார் நின்றாலும் முகம் நூறாக உடைந்து தெரியும். மின்னுவதும் கீறுவதும் ஒரே விளிம்புதான் என்பதை அந்தச் சுவர் மறைக்கவில்லை.

அதற்காக, 'கலைக்காக உயிரையே கொடுத்தார்' என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. 1974-இல் பட்ட பிறகும் நீரூற்றுச் சிலைகளுக்கு அதே பாலியெஸ்டரைத்தானே தேர்ந்தார்? பெரிய சிலை ஒரு கையால் ஆவதில்லை. பட்டறையில் மற்றவர்களும் மூச்சு விட்டார்கள். நிக்கியின் நுரையீரலைப் பற்றி நூல்கள் பேசுகின்றன. அவர்களைப் பற்றி யார் பேசினார்கள்?

தில்லியில் நம் வீட்டுப் பெண்கள் ஆசையாக வாங்கும் கண்ணாடி வளையல் பெரும்பாலும் ஃபிரோசாபாத்திலிருந்து வருகிறது. உலை முன்னால் வெந்தவர் பெயர் எந்த வளையலிலும் கிடையாது. அழகை ரசிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரசிக்கும்போது அதைச் செய்த கையையும் கேட்போம் என்கிறேன்.

"இதைச் செஞ்சவங்க இப்ப எங்கே பாட்டி?" என்று பேத்தி அன்று கேட்டாள். 2002-இல் கலிபோர்னியாவில் காலமானதையும், ரெசின் கதையையும் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் அந்தச் சிவப்பு உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப முகமூடி போட்டுக்கிட்டு செஞ்சிருக்கலாமே" என்றாள்.

நான் படித்த விமர்சனங்களில் இந்தக் கேள்வி இல்லை.