இரண்டு கந்தகங்களின் கைகோப்பு

முழங்கால் சிராய்ப்பில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றியதும் புசுபுசுவென்று வெள்ளை நுரை பொங்கும். மருந்தைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும் கேட்டலேஸ் நொதியின் வேலை அது. பெரும்பங்கு நம் ரத்தத்தில் இருக்கும் கேட்டலேஸ்தான். ஆனால், நம் குடலில் குடியிருக்கும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கும் அந்த நொதியைச் செய்யத் தெரியும். பெராக்சைடால் ஆபத்து வரும்போது அதைப் பெருக்கிக்கொள்ளவும் தெரியும். அந்தச் சாமர்த்தியம்தான் எத்தனை அழகு!

ஆக்சி-ஆர் என்றொரு புரதம் அந்த பாக்டீரியாவுக்குள் காவலிருக்கிறது. 1985-இல் புரூஸ் ஏம்ஸின் பெர்க்லி ஆய்வுக்கூடம் இதை அடையாளம் கண்டது. இந்தப் புரதச் சங்கிலியில் 199-ஆவது, 208-ஆவது இடங்களில் கந்தகம் தாங்கிய சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் உண்டு. பெராக்சைடு பட்டதும் இரண்டும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. புரதத்தின் உருவமே மாறுகிறது. தாக்க வந்த நஞ்சே மணியடித்துவிடுகிறது!

உருவம் மாறிய புரதம் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. கேட்டலேஸ் பெருகுகிறது, டிபிஎஸ் என்ற புரதம் டிஎன்ஏவைப் போர்த்திக் காக்கிறது.

எல்லாவற்றிலும் நுட்பமானது, திரும்பி வரும் வழி. அந்தக் கந்தகப் பிணைப்பை அவிழ்ப்பது குளூட்டாரெடாக்சின் என்ற புரதம். அதற்கான மரபணுவை முடுக்குவதும் ஆக்சி-ஆரேதான். ஆபத்து நீங்கிய சில நிமிடங்களில் பிடி தளர்ந்து, காவல் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.