பெரம்பலூர், ‘பரெம்பலூர்’ ஆகாமல் இருக்க

ஏஐ ஏஜென்டிடம் மனு எழுதச் சொன்னால் நொடியில் எழுதிவிடும். அதையே வேர்டு கோப்பாகவோ பிடிஎஃப் ஆகவோ கொடு என்னும்போதுதான் வண்டவாளம் தண்டவாளம் ஏறும். ஏஜென்டுக்குச் சொந்தமாக அச்சு வேலை தெரியாது. ஏதாவது ஒரு மென்பொருளைக் கூப்பிட்டுத்தான் கோப்பைச் செய்யவைக்கிறது. அது எதைக் கூப்பிடுகிறது என்பதில்தான் தமிழின் கதி இருக்கிறது.

அப்படிக் கூப்பிடத் தோதான ஒன்று பேன்டாக், கோப்பை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் மென்பொருள். பெர்க்லி பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் ஜான் மெக்ஃபார்லேன் 2006-இல் வெளியிட்டது. தத்துவத்துக்கும் கோப்பு மாற்றத்துக்கும் என்ன சம்பந்தமோ! இலவசம், திறந்த மூலம், இணையம் இல்லாமலும் ஓடும். கட்டளை வரியில்தான் வேலை, மெனு கிடையாது. சாதாரண ஆளை விரட்டியடிக்கும் இந்தக் குணம் ஏஜென்டுக்கு வசதி. அது மார்க்டவுன் என்னும் எளிய குறியீட்டு உரையில் எழுதி ஒற்றைக் கட்டளை கொடுத்தால் போதும்.

சோதனைக்குப் பெரம்பலூர், அரியலூர் பக்கம் அன்றாடம் புழங்கும் தாள்களையே எடுத்தேன். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு ஒரு மனு, மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்ததற்கு நிவாரணம் கேட்டு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்குக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதி பற்றி அரியலூரிலிருந்து ஒரு புகார்.

முதலில் ஏஜென்டை அதன் போக்கில் விட்டேன். அது ஒரு பைதான் நூலகத்தைப் பிடித்துப் பிடிஎஃப் செய்தது. அனுப்புநர் முகவரியிலேயே ‘பரெம்பலூர்’. காரணம் இதுதான்: யூனிகோடில் ‘பெ’ என்பதில் ‘ப’ முதலில் பதிவாகும், கொம்பு பிறகு. கொம்பை முன்னால் இழுத்துவைப்பது ஹார்ஃப்பஸ் போன்ற, எழுத்துகளை உருவமைக்கும் மென்பொருளின் வேலை. அது இல்லாத நூலகம் பதிவான வரிசையிலேயே அச்சடிக்கும். கொம்பு போய் ‘ர’வுக்கு முன்னால் உட்காரும். அரியலூரில் கொம்பு இல்லை என்று நிம்மதி கொள்ள முடியாது, ‘லூ’வின் சுழி கழன்று தனியே நிற்கும்.

வேர்டு கோப்பில் கோளாறு வேறு மாதிரி. ஆங்கில எழுத்துக்கு ஒன்று, தமிழ் போன்ற எழுத்துகளுக்கு ஒன்று என எழுத்துரு, அளவு, தடிப்பு எல்லாவற்றையும் வேர்டு இரண்டு இரண்டாக வைத்திருக்கிறது. ஏஜென்ட்கள் அதிகம் நாடும் பைதான்-டாக்ஸ் நூலகத்தில் அளவு 14 என்று சொன்னால் அது ஆங்கிலப் பக்கத்துக்கு மட்டும் போய்ச்சேரும். விளைவு, சர்வே எண் பெரிதாக நிற்க, ‘கிராமம்’, ‘வட்டம்’ எல்லாம் சிறுத்துக் கிடக்கும். இதைச் சரிசெய்ய கோப்புக்குள் இருக்கும் எக்ஸ்எம்எல்லில் கை வைக்க வேண்டும். ஏஜென்ட் செய்யும்தான், சொன்னால். ஒவ்வொரு முறையும் யார் சொல்லிக்கொண்டிருப்பது?

பேன்டாக் எனக்குப் பிடித்தது இந்த இடத்தில்தான். மாதிரிக் கோப்பு ஒன்றை நாமே செய்து வைத்துக்கொள்ளலாம். லிபரே ஆபீஸில் தலைப்பு, பத்தி போன்ற பாணிகளுக்குத் தமிழுக்கென உள்ள பகுதியில் நோட்டோ செரிஃப் தமிழ், அளவு 12 என்று ஒரு தடவை வைத்துவிட்டால் போதும். அடுத்து வரும் ஒவ்வொரு மனுவும் அந்தத் தோற்றத்தையே எடுத்துக்கொள்ளும். எழுத்து வேலை ஏஜென்டுடையது, தோற்றம் மாதிரிக் கோப்பினுடையது. ஏஜென்டின் கையில் அலங்காரத்தைக் கொடுக்காதவரை தமிழ் தப்பிக்கிறது.

பிடிஎஃப்புக்குப் பேன்டாக் தனியாகப் போதாது, இன்னொரு இயந்திரம் வேண்டும். இயல்பாக அது தேடுவது பிடிஎஃப்லேடெக். தமிழைக் கண்டால் முகம் சுளித்து நின்றுவிடும். ஸீலேடெக் நன்றாகச் செய்கிறது, நிறுவத்தான் இடம் நிறைய கேட்கும். பழைய மடிக்கணினி என்றால் டைப்ஸ்ட் போதும். சிறியது, வேகமானது, கொம்பும் சுழியும் அதனதன் இடத்தில் இருக்கின்றன.

இந்த ஏற்பாட்டில் கூட்டக் குறிப்பு பிசகில்லாமல் வந்தது. லாரிப் புகாரில் நாள், நேரம், சாலை என்று போட்ட எளிய அட்டவணையும் சரி. ஆனால் அரசுப் படிவம் மாதிரி கட்டங்களை இணைத்து, பக்கவாட்டில் புகைப்படத்துக்கு இடம் விட்டு வேண்டுமென்றால் மார்க்டவுன் திணறும். அதற்கு வேர்டில் நேராகப் போடுவதே மேல். இன்னொன்று, பேன்டாக் உள்ளடக்கத்தைப் பார்க்காது. மனுவில் நான் தராத உட்பிரிவு எண் ஒன்றை ஏஜென்ட் தானாகச் சேர்த்திருந்தது. பேன்டாக் அதையும் ஒழுங்காகவே அச்சிட்டது. சர்வே எண், பரப்பு, பட்டா எண் மூன்றையும் கணினிப் பட்டாவோடு ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பழைய கோப்புகளைக் கொடுத்து ‘இதே மாதிரி எழுது’ என்று சொல்ல நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தமிழக அரசு யூனிகோடை 2010-இலேயே தரமாக ஏற்றுக்கொண்டது. இருந்தும் தட்டச்சு மையங்களின் கணினிகளில் பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இன்னும் கிடக்கின்றன. ஏஜென்டுக்காக அந்தக் கோப்பைப் படிக்கும்போது பேன்டாக் எழுத்துருவைக் கழற்றிவிடுவதால், பாமினித் தமிழ் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏஜென்டிடம் போய்ச்சேரும். அதுவோ புரிந்ததுபோல் பாவனை செய்து ஏதோ ஒன்றை எழுதித் தரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுக் கொடுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் மட்டும்தான் இருக்கிறது என்றால் பேன்டாக்கால் பயனில்லை. அது எந்தப் பிடிஎஃப்பையும் படிக்காது.