அழைப்பு யாருக்கு, ஆசை யாருக்கு?

திருப்பனந்தாள் கோயிலைப் பற்றி எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. தாடகை என்கிற அசுரப் பெண் சாமிக்கு மாலை சாத்தப் போகிறாள். கையைத் தூக்கும்போது சேலை நழுவுகிறது. சேலையைப் பிடித்தால் மாலை போட முடியாது, மாலையைப் போட்டால் மானம் போகும். லிங்கமே தலையைச் சாய்த்து மாலையை வாங்கிக்கொள்கிறது. பிறகு அரசன் வருகிறான். சாய்ந்த லிங்கத்தை நிமிர்த்த யானைகளைப் பூட்டி இழுக்கிறான், நடக்கவில்லை. கடைசியில் குங்கிலியக்கலய நாயனார் தன் கழுத்திலேயே கயிற்றைக் கட்டி இழுக்க, லிங்கம் நிமிர்ந்தது. நாயனாரின் பக்தியோடு கதையை முடித்துவிடுவது நம் வழக்கம். ஒரு அசுரப் பெண்ணின் ஆசைக்காகக் குனிந்த சாமியை எப்படியாவது நிமிர்த்தியே ஆகவேண்டும் என்று அரசனுக்கு ஏன் தோன்றியது? எனக்கு அதுதான் கேள்வி.

இது சைவத்திடம் மட்டும் கேட்கவேண்டிய கேள்வி இல்லை. காசி மடம் இருக்கிற இந்த ஊரைச் சுற்றியும் ஆசீர்வாதக் கூட்டச் சுவரொட்டிகள் ஒட்டப்படுகின்றன. 'உன் கனவை ஆண்டவர் நிறைவேற்றுவார்' என்று மேடையில் சொல்கிறார்கள். மேடையை விட்டு இறங்கியதும் பேச்சு மாறுகிறது. நடவுக்குப் போகிற ஒரு அம்மா, "எம் மவ கலெக்டருக்குப் படிக்கணும்ங்குது, செபம் பண்ணுங்க ஐயா" என்றால், "ஆசைப்படலாம்மா, தேவசித்தம்னு ஒண்ணு இருக்குல்ல" என்று பதில் வருகிறது. வசதியுள்ள வீட்டுப் பையனென்றால், "தம்பிக்கு ஆண்டவர் பெரிய அழைப்பு வச்சிருக்கார்." ஒரே விருப்பம்தான். ஒரு வீட்டில் அதற்குப் பெயர் அழைப்பு, இன்னொரு வீட்டில் ஆசை. விசுவாசத்துக்குள் தனிமனிதக் கனவுக்கு இடமுண்டா என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. இந்த இரண்டு சொற்களையும் யார், எந்தச் சாதிக்கு, எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

'அழைப்பு' என்ற சொல் மடத்துத் துறவிகளுக்கே சொந்தமாக இருந்தது. அதை வெளியே எடுத்து எல்லோருக்கும் கொடுத்தவர் மார்ட்டின் லூதர். செருப்புத் தைப்பவனுக்கும் கொல்லனுக்கும் உழவனுக்கும் அவரவர் பணி இருக்கிறது, குருவானவர் அவர்களுக்கு மேலானவரில்லை என்று 1520இல் எழுதினார். பெரிய கலகம்தான். ஆனால் அதே லூதர், அவனவன் அவனவன் நிலைமையிலேயே இருக்கட்டும் என்றும் சொன்னார். கலகமும் கட்டுப்பாடும் ஒரே சொல்லுக்குள் இருந்தன. மாக்ஸ் வெபர் இதைக் கவனித்தார். அந்த லூதரின் கிறிஸ்தவம் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது, அவனவன் நிலைமை என்பதற்கு இங்கே ஏற்கெனவே ஒரு அர்த்தம் தயாராக இருந்தது: சாதி. தரங்கம்பாடி, தஞ்சாவூர்ச் சபைகளில் வேளாளருக்கும் பறையருக்கும் தனித்தனியாக இடம் போடப்பட்டது தற்செயலல்ல.

வேதநாயகம் சாஸ்திரியாரை (1774–1864) இந்த இடத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, சிறுவனாக சுவார்ட்சு ஐயரோடு தஞ்சைக்கு வந்தவர். சரபோஜி மன்னரும் அதே சுவார்ட்சின் பிள்ளை போல வளர்ந்தவர். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய கவிராயருக்கு ஒரு கனவு இருந்தது: கிறிஸ்துவைத் தமிழ் இசைக்குள், குறவஞ்சிக்குள் கொண்டுவந்து சேர்ப்பது. சபை அதை அழைப்பு என்று ஏற்றுக்கொண்டது. வேலை கொடுத்தது, பட்டம் கொடுத்தது. பெருவுடையார் மீது பாடச் சொல்லி மன்னர் கேட்டும் மறுத்தார் என்று இன்றுவரை பெருமையாகச் சொல்கிறார்கள்.

1829இல் மிஷன் அவரை வேலையிலிருந்து நீக்கியது. புதிய மிஷனரிமார் மீது அவர் வைத்த குற்றச்சாட்டுகளைப் பாருங்கள். பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், தமிழ்ப் பாட்டை நிறுத்துகிறார்கள், கல்யாணத்திலும் சாவிலும் பூமாலையைத் தடுக்கிறார்கள், எல்லாச் சாதியையும் நற்கருணையில் ஒன்றாகக் கலக்கிறார்கள். நான்கும் அவருக்கு ஒரே வரிசையில் வருகிற கொடுமைகள். தமிழ்ப் பாட்டுக்காக ஒரு வெள்ளைக்கார நிறுவனத்தை எதிர்த்த கலைஞன் என்று நாம் அவரைக் கொண்டாடும்போது, முதல் மூன்றைச் சொல்லி நான்காவதை விழுங்கிவிடுகிறோம். மிஷனரிமார் யோக்கியம் என்று சொல்லவரவில்லை. பாட்டையும் பூவையும் தடுத்தது காலனிய அகங்காரம்தான். ஆனால் சாஸ்திரியாரின் கனவில் தமிழும் சாதியும் ஒரே நூலில் கோக்கப்பட்டிருந்தன. 1833இல் ஆயர் தானியேல் வில்சன் சாதியை அறவே விடச் சொன்னபோது தஞ்சை வேளாளக் கிறிஸ்தவர்களில் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். கிறிஸ்துவை விடவில்லை, கிண்ணத்தைப் பகிர மறுத்தார்கள்.

இதற்கு நேரெதிரான வெளியேற்றம் ஒன்று 1992இல் நடந்தது. பாமா கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்தார், 'கருக்கு' வந்தது. அது கத்தோலிக்கச் சபை, தென்கோடிக் கிராமம், வேறு காலம். இருந்தாலும் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெளிவாகிறது. பாமாவுக்கும் விசுவாசத்துக்குள் ஒரு கனவு இருந்தது: கன்னியாகி ஏழை, தலித் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது. படித்தால்தான் இந்த இழிவிலிருந்து மீளலாம் என்று அண்ணன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஏறிவந்தவர். மடத்துக்குள் போனபின், சில சபைகளில் தலித் பெண்களைச் சேர்ப்பதே இல்லை என்று காதில் விழுகிறது. பள்ளிக்கூடமோ பணக்காரப் பிள்ளைகளுக்கு. ஏழ்மை ஒரு வார்த்தைப்பாடு, வாழ்க்கையோ வசதி. சாஸ்திரியார் சாதி கலக்கிறது என்று சபையோடு மோதினார். பாமா சாதி கலையவில்லை என்று மடத்தை விட்டு வந்தார். அவருக்குக் காத்திருக்க அரண்மனை இல்லை. வேலையும் சேமிப்பும் இல்லாமல் தெருவில் நின்றார். அவரிடம் இருந்ததும் அழைப்புதானே? அதை அப்படிச் சொல்ல எந்தச் சபைக்கும் வாய் வரவில்லை.

சபை சொல்லாததை அரசு சட்டமாகவே எழுதியது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் வெளியே. 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சூசை வழக்கை நம் தோழர்கள் அவசியம் படிக்கவேண்டும். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் அவர். இந்துச் செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தார்கள், இவருக்கு இல்லை. மதம் மாறிய பின்னும் அதே அளவு கொடுமை தொடர்வதற்குப் போதிய ஆதாரமில்லை என்று வழக்கு தள்ளுபடியானது. லூதர் செருப்புத் தைப்பவனை குருவானவருக்குச் சமமாக்கினார். நம் நாட்டில் அவனுக்கு ஒரு பெட்டிக்கடை கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். அதனால்தான் சேரியில் பல பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்: சான்றிதழில் ஒன்று, கோயிலில் ஒன்று. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் எழுத்தர் வேலைக்காகச் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கில், உண்மையான நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு எழுத்தர் வேலைக்கு ஆசைப்பட்டால் ஞானஸ்நானத்தை மறைக்கவேண்டும், மறைத்தால் மோசடி. நடவுக்குப் போகிற அம்மாவின் மகள் இந்த இடுக்கில்தான் நிற்கிறாள். ஆசீர்வாத மேடையில் கனவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இந்தச் சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

நம் பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. தனிமனிதக் கனவு என்றாலே குட்டி முதலாளித்துவம் என்று தள்ளுகிற தோழர்கள் இருக்கிறார்கள். 'உள்ளதே போதும்னு இரு' என்று உபதேசியார் சொன்னதை இவர்கள் சிவப்புத் துண்டு போட்டுக்கொண்டு சொல்கிறார்கள். எதுவும் இல்லாதவளிடம் ஆசையைத் துறக்கச் சொல்ல இரண்டு பேருக்குமே உரிமை கிடையாது.

அப்படியானால் எந்தக் கனவையும் ஏற்றுக்கொள்வதா? இல்லை. சாஸ்திரியாரின் கனவும் கனவுதான். இங்கே பறட்டை அண்ணன் என்கிற தியாபிலஸ் அப்பாவு (2005இல் மறைந்தார்) உதவுகிறார். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்துகொண்டு, கர்நாடக ராகக் கீர்த்தனைதான் தமிழ்க் கிறிஸ்தவ இசை என்பதை உடைத்தார். கிராமிய மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். அவர் சொன்ன 'ஒரு உலை' முக்கியமானது: எல்லோரும் ஒரே பானையில் பொங்கி, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதுதான் நற்கருணை. சாஸ்திரியார் தள்ளிவைத்த அதே கிண்ணம். இவரும் பாட்டுக்காரர்தான், இவருக்கும் தமிழிசைக் கனவுதான். சாஸ்திரியார் தன் பந்தியைக் காப்பாற்றப் பாடினார், அப்பாவு எல்லோரையும் பந்திக்குக் கூப்பிடப் பாடினார்.

ஒரு கனவு தேவசித்தமா, சுயசித்தமா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. அந்தக் கனவு நிறைவேறினால் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று கேட்டால் போதும். அந்த அம்மாவின் மகள் கலெக்டர் ஆனால் பந்தியின் வரிசை கொஞ்சமாவது கலையும். சாமி குனிந்தால் இப்படிப்பட்ட ஆசைக்குத்தான் குனியவேண்டும். நிமிர்த்துவதற்குக் கயிற்றோடு ஓடிவருகிறவர்கள் அரண்மனையிலும் இருக்கிறார்கள், ஆலயத்திலும் இருக்கிறார்கள், நம் கூட்டங்களிலும் இருக்கிறார்கள்.