ஃபைபருக்கு எங்கே துரு பிடிக்கும்?

டியூன் பகி, அதாவது மணல்மேட்டு வண்டி மாடல் செய்பவர்களின் படங்களை இணையத்தில் நிறையப் பார்க்கிறேன். ஒட்டு வேலை சுத்தமாக இருக்கும். இன்ஜினுக்கு மயிரிழை மாதிரி ஒயர்கூட இழுத்திருப்பார்கள். எல்லாம் சரி. ஆனால் 'பழைய வண்டி' தோற்றம் கொடுக்கிறேன் என்று பாடி முழுக்கத் துருவை அப்பிவிடுகிறார்கள். என் குறை அதில்தான்.

இந்த மாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் மேயர்ஸ் மாங்ஸ். 1964இல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் செய்த வண்டி. அவர் கண்ணாடியிழைப் படகு கட்டிப் பழகியவர். அதே கையோடு வண்டிக்கும் ஃபைபர் பாடி போட்டார். முதல் சில வண்டிகளுக்குப் பிறகு, ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் அடிச்சட்டத்தைச் சுமார் 36 செ.மீ. வெட்டிக் குறைத்து, அதன்மேல் பாடியை உட்கார வைத்தார். அடியில் இரும்பு, மேலே ஃபைபர். மேலே துரு வர வழியே இல்லை.

இதை ஊருக்குப் புத்தி சொல்வதாக எழுதவில்லை. நானும் செய்த தப்புதான். 1/24 அளவில் ஒரு பகி கட்டினேன். உப்பு முறை என்று ஒன்று உண்டு: முதலில் துரு நிறம் அடித்து, வார்னிஷ் போட்டு, ஈரப்படுத்தி, உப்பைத் தூவி, காய்ந்ததும் மேல் நிறம் அடிக்க வேண்டும். பிறகு உப்பைத் தேய்த்து உதிர்த்தால், பெயின்ட் உரிந்து துரு தெரிவதுபோல இருக்கும். பெருமுக்கல்லில் இருந்துகொண்டு உப்புக்கா பஞ்சம்? மரக்காணத்துக் கல்லுப்பையே தூவினேன்.

மாமா வந்தார். மரக்காணம் பக்கம் ஃபைபர் போட்டுக்கு ஒட்டுப் போடுகிறவர். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஃபைபர் வண்டின்னு சொல்ற, துருவும் பூசி வெச்சிருக்க. எங்கடா புடிக்கும்?" அவ்வளவுதான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். 3 மி.மீ. கல்லுப்பு உதிர்ந்த இடம், நிஜ வண்டியில் 72 மி.மீ. ஓட்டை. தளத்தில் ஒட்டிய கடல் மணலும் அப்படித்தான். அரை மி.மீ. மணல் 12 மி.மீ. ஜல்லியாகிவிடுகிறது. நிஜ மணலை ஒட்டினால் நிஜமாக இருக்கும் என்பது ஏமாற்று. மணலுக்குப் பதில் நைசாக அரைத்த தூள்தான் வேண்டும்.

சரி, துரு எங்கே வரும்? உப்பு ஏற்றும் லாரியைப் பார்த்தால் போதும். தண்ணீர் தேங்கும் மூட்டு, தகரம் மடியும் விளிம்பு, வெல்டிங் ஓரம், போல்ட்டுத் தலை. அங்கே தொடங்கிக் கீழ்நோக்கி வழியும். பகியிலும் அடிச்சட்டம், சைலன்சர், வீல் ரிம், போல்ட் இவற்றோடு நிற்கும். ஒரு போல்ட்டிலிருந்து பாடிமேல் மெல்லிய பழுப்புக் கோடு வழியலாம், அதற்குமேல் கிடையாது.

ஃபைபர் வேறு மாதிரி மூப்படையும். கரையில் கவிழ்த்த போட்டைத் தொட்டுப் பாருங்கள். வெயிலில் நிறம் வெளுத்து, விரலில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். அடிபட்ட இடத்தில் நட்சத்திரம்போல நுண்ணிய கீறல் ஓடும். விளிம்பு தேய்ந்தால் வெளிர் இழை தெரியும். ஒட்டுப் போட்ட இடம் மட்டும் நிறம் மாறி நிற்கும். மாடலில் இதற்குச் செலவே இல்லை: மேல்பக்கம் நீர்த்த வெள்ளை, கூரான பென்சிலால் நாலு கோடு, நிறம் சற்று மாறிய ஒரு சதுரம்.

'மாடல்தானே, ரசனைக்குச் செய்வது' என்பார்கள். ஒத்துக்கிறேன். கற்பனை வண்டிக்கு எதுவும் பூசலாம். ஆனால் 'அசல் மாதிரியே' என்று தலைப்புப் போட்டால் அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கணும். மாமாவுக்கு ஒரு கீறல் என்றால் ஒருநாள் வேலை, போட்டுக்காரருக்கு ஒருநாள் தொழில் போச்சு. நமக்கு அது வெறும் அலங்காரமாகத் தெரிவதால்தான் கண்ட இடத்தில் வைத்துவிடுகிறோம்.

என் பகியின் பாடியைச் சுரண்டிவிட்டேன். இந்த முறை யூட்யூப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு கரைக்குப் போகிறேன்.