உப்புநீர் யாப்பு

கூன்முதுகுத் திமிங்கிலத்தின் பாட்டை முதல்முறை கேட்பவருக்கு அது பாட்டாகவே படாது. அடிவயிற்று உறுமல், நீண்ட முனகல், திடீரென ஒரு கீச்சு. கொஞ்சம் பொறுத்தால் அதே உறுமல் அதே வரிசையில் திரும்பி வருவது பிடிபடும். நயம் அங்கே தொடங்குகிறது.

1950களில் பெர்முடா கடலில், அமெரிக்கக் கடற்படைக்காக நீரடி ஒலிவாங்கிகளோடு பணியாற்றிய ஃபிராங்க் வாட்லிங்டன் இந்த ஒலிகளைப் பதிவு செய்தார். அப்பதிவுகளை வரைபடங்களாக மாற்றி ஆராய்ந்த ரோஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும், இவை குறிப்பிட்ட ஒழுங்கில் மீண்டும் மீண்டும் வரும் பாட்டுகள் என்று 1971இல் நிறுவினார்கள்.

அந்த ஒழுங்கு நம் யாப்பை நினைவூட்டும். தனி ஒலிகள் சேர்ந்து ஒரு தொடர். அத்தொடர் பலமுறை மடங்கி வந்தால் ஒரு பகுதி. பகுதிகள் முறை மாறாமல் அடுக்கி வந்தால் ஒரு பாட்டு. ஏழு நிமிடத்திலும் முடியலாம், அரை மணியும் நீளலாம். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி. மணிக்கணக்கில் இப்படியே ஓடும்.

இதில் என்னைச் சொக்கவைப்பது இயைபு. லிண்டா கினியும் கேட்டி பெய்னும் 1988இல் காட்டியது இது: வெவ்வேறு பகுதிகளின் தொடர்கள் ஒரே மாதிரி ஒலியில் முடிகின்றன. அதுவும் பகுதிகள் மிகுந்த, சிக்கலான பாட்டுகளில்தான் இது கூடுதலாகத் தென்படுகிறது. நெடும்பாட்டை நினைவில் நிறுத்த இது உதவலாம் என்பது அவர்கள் ஊகம். ஏடின்றிப் பாட்டை மனத்தில் காத்த மரபில் வந்தவர்களுக்கு இந்த ஊகம் அந்நியமாகத் தோன்றாது.

பாடுவது ஆண்கள். முப்பது டன் உடலைத் தலைகீழாக நிறுத்தி, ஏறக்குறைய அசையாமல் பாடும். குமிழி எழாது, காற்றை வெளியே விடாமல் உடலுக்குள்ளேயே சுழற்றிக் குரலெழுப்புகின்றன. மூச்சுக்காக மேலே வந்தாலும் பாட்டின் வரிசை குலைவதில்லை. தேர்ந்த பாடகர் மூச்சு வாங்கும் இடம் நமக்குத் தெரியாதல்லவா, அந்தத் தேர்ச்சி இது.

ஒரு கடற்பகுதியின் ஆண்களெல்லாம் ஒரு பருவத்தில் ஏறத்தாழ ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன. ஆனால் அந்தப் பாட்டு நிலைப்பதில்லை. சிறுகச் சிறுக மாறுகிறது, மாற்றத்தையும் எல்லாம் சேர்ந்தே ஏற்கின்றன. சில நேரம் பாட்டே அடியோடு மாறிவிடும். 1996இல் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் பதிவான 82 பாடகர்களில் இரண்டு மட்டும் மேற்குக் கரைப் பாட்டைப் பாடின. 1998இல் கிழக்குக் கரை முழுக்க அந்தப் பாட்டுதான். பழையது போன இடம் தெரியவில்லை.

பாடுவது பெண்ணை ஈர்க்கவா, போட்டி ஆணுக்குச் சேதி சொல்லவா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. பயன் எதுவானாலும், இலக்கணத்தைக் காத்துக்கொண்டே புதுமையைத் தேடும் மனம் இந்தப் பாட்டில் இருக்கிறது. 1970இல் வெளியான ரோஜர் பெய்னின் இசைத்தட்டுப் பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. கேட்கும்போது ஒலியின் விசித்திரத்தை விட்டுவிடுங்கள். ஒரு தொடர் எங்கே முடிந்து எங்கே மடங்குகிறது என்பதில் காதை வையுங்கள். உறுமல் பாட்டாவது அப்போதுதான்.